அழகும் அறுவையும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. விடியற்காலையில் பெரட்டு முடிந்து, பால்வாளியைச் சுமந்துகொண்டு நிரைக்குப் போகும் கூட்டத்தில் வயதான பாட்டி ஒருவர் இருப்பார். அவருடைய காதுச் சோணை தோளைத் தொடுமளவுக்கு நீண்டு தொங்கும். அதில் பாம்படமோ தண்டட்டியோ ஆடும். நகையை அடகுக் கடையில் வைத்துவிட்ட பாட்டியானால் வெறுங்காது ஆடும். பேரப் பிள்ளைகள் அந்தத் துளைக்குள் விரலை விட்டு விளையாடுவார்கள். பாட்டியும் சிரித்துக்கொண்டே, "இழுத்து அறுத்துப்புடாதேடா" என்பார்.

அந்தக் காது தானாக வளர்ந்ததன்று. நெல்லை, இராமநாதபுரம், மதுரை வட்டாரங்களில் பெண் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே காதைக் கத்தி நுனியால் துளைத்துப் பஞ்சுத் திரியைச் செருகுவார்கள். புண் ஆற ஆறத் திரியின் பருமனைக் கூட்டுவார்கள். பிறகு பனையோலைச் சுருள். அதற்கும் பிறகு ஈயத்தாலான குணுக்கு. அந்தப் பாரம் இழுக்க இழுக்கச் சோணை நீளும். குழந்தைக்கு வலிக்காதா என்றால், வலிக்கத்தான் செய்யும். ஆனால் காது வளர்க்காத பெண்ணை ஊரார் குறையுள்ள பெண்ணாகப் பார்த்தார்கள். ஆகவே பெற்ற தாய் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

பின்னர் காலம் மாறியது. பள்ளிக்கூடம் வந்தது, பட்டணத்துப் பழக்கம் வந்தது, சினிமா வந்தது. தோடும் கம்மலும் நாகரிகமாயின. வளர்த்த காது பட்டிக்காட்டு அடையாளமாகிவிட்டது. எத்தனையோ பெண்கள் தொங்கிய பகுதியை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். நம் நாட்டின் சரவாக் மாநிலத்திலும் இதே கதைதான். அங்கே காயான், கெலாபிட் முதலிய இனத்துப் பெண்கள் பித்தளை வளையங்களை மாட்டிக் காதை நீட்டிக்கொள்வது வழக்கம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அவர்களிலும் பலர் காதை அறுத்துச் சிறிதாக்கிக்கொண்டார்கள்.

ஒரு தலைமுறைக்கு அழகாயிருந்த அதே காது, அடுத்த தலைமுறைக்கு வெட்கமாகிவிட்டது. அதைப் பார்க்கும் கண்தான் மாறிவிட்டது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, அழகுக்காக மனிதன் தன் உடம்பைத் திருத்திக்கொண்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் வாளி செய்கிற பொருளை உடம்பில் வைத்துத் தைப்பது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியன்று. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லின் மூலத்துக்கு, குயவர் களிமண்ணைப் பிடித்து வடிவம் கொடுப்பதுபோல் உருவாக்குதல் என்று பொருள். 1838இல் ஸைஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் தாம் எழுதிய நூலுக்கு அந்தப் பெயரை வைத்தார். தமிழில் ஒட்டறுவை என்கிறோம். சேதமடைந்த உறுப்பைச் சீராக்குவது அதன் ஒரு பிரிவு. நன்றாயிருக்கிற உறுப்பை மேலும் அழகாக்குவது இன்னொரு பிரிவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது.

இந்தக் கலையின் மிகப் பழைய ஏடு வடமொழியில் உள்ள சுசுருத சம்ஹிதை. அது பல நூற்றாண்டுகளில் சேர்ந்து உருவான நூல். அதன் காலத்தைப் பற்றி அறிஞர்கள் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். எப்படிக் கணக்கிட்டாலும் 1,500 ஆண்டுகளுக்குக் குறையாத பழைமை உடையது. அந்த நூலில் குழந்தைக்குக் காது குத்தும் முறை, துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கும் முறை, பாரம் தாங்காமல் அறுந்துபோன சோணையை மீண்டும் ஒட்டும் 15 முறைகள் ஆகியவை சொல்லப்பட்டிருக்கின்றன. பார்த்தீர்களா? நம் பாட்டியின் காது மருத்துவ வரலாற்றின் முதற்பக்கத்திலேயே இருக்கிறது.

அதே நூலில் மூக்கு அமைக்கும் முறையும் உண்டு. அக்காலத்தில் குற்றவாளிகளுக்கு மூக்கறுப்பது ஒரு தண்டனை. 'மூக்கறுபட்டான்' என்று இன்றைக்கும் நாம் அவமானத்தைக் குறிப்பிடுகிறோம் அல்லவா? அப்படி மூக்கிழந்தவருக்கு, அறுபட்ட இடத்தின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத்துத் தோலை ஒரு பக்கம் விடாமல் அறுத்தெடுத்து, மூக்கின் இடத்தில் பொருத்தித் தைக்க வேண்டும். மூச்சுவிட இரண்டு குழல்களைச் செருக வேண்டும். பிறகு மருந்துப் பொடி தூவி, பஞ்சால் மூடி, நல்லெண்ணெய் விட்டுவர வேண்டும் என்கிறது அந்நூல். மாணவர்கள் மனித உடம்பில் கத்தி வைக்குமுன் பூசணி, சுரை போன்ற காய்களை அறுத்துப் பழக வேண்டும் என்றும் அது விதித்திருக்கிறது.

ஏட்டில் இருந்த இந்த வித்தை நாட்டில் எப்படி உயிரோடு இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1792இல் ஆங்கிலேயருக்கும் திப்பு சுல்தானுக்கும் நடந்த போரில், ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த காவஸ்ஜி என்பவர் பிடிபட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. ஓராண்டுக் காலம் மூக்கில்லாமல் இருந்தார். பிறகு பூனாவுக்கு அருகே செங்கல் அறுக்கும் தொழில் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார்.

எப்படி வைத்தார்? முதலில் மெழுகால் மூக்கு ஒன்று பிடித்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். அந்தக் கோட்டின்படி தோலை அறுத்து, இரு புருவங்களுக்கு நடுவில் மட்டும் ஒட்டியிருக்கும்படி விட்டுவிட்டார். இரத்த ஓட்டம் நின்றுவிடாமல் இருப்பதற்காகத்தான் அப்படி விட்டது. பிறகு தோலைத் திருப்பிக் கீழிறக்கி, மூக்கின் இடத்தில் பொருத்தினார். மேலே வைத்துக் கட்டியது என்ன தெரியுமா? நம் பாட்டிமார்கள் வெற்றிலையோடு போட்டுக்கொள்ளும் காசுக்கட்டி. அதைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு துணிகளை வைத்துக் கட்டினார். நான்கு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. ஏறக்குறைய 25ஆம் நாள், புருவ நடுவில் ஒட்டியிருந்த தோல் வெட்டப்பட்டது. மூக்கு நின்றுவிட்டது.

குரூஸோ, பிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் இந்த அறுவையை நேரில் கண்டார்கள். காவஸ்ஜியின் படத்தோடு இந்தச் செய்தி 1794ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற மருத்துவர் பல ஆண்டுகள் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் தம்முடைய நாட்டில் முதன்முதலாக அப்படி ஒரு மூக்கு வைத்தார். 1816இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வந்தது 1846இல்தான். ஆகவே அந்த நோயாளி விழித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நடந்தது. அவர் ஓர் இராணுவ அதிகாரி. கல்லீரல் நோய்க்குக் கொடுக்கப்பட்ட பாதரச மருந்துதான் அவர் மூக்கைத் தின்றது. பாதரசம் என்ற பெயரை நினைவில் வையுங்கள். மறுபடியும் அதைச் சந்திக்கப் போகிறோம்.

படிப்பில்லாதவர் என்று உலகம் எண்ணிய ஒரு கைத்தொழிலாளி செய்த காரியத்தை, ஐரோப்பிய மருத்துவர்கள் நேரில் கண்டு எழுதி வைத்துக் கற்றுக்கொண்டார்கள். பார்த்தவர்கள் பெயர் இருக்கிறது, பின்பற்றியவர் பெயர் இருக்கிறது. மூக்கு வைத்தவருடைய பெயரை மட்டும் அந்தப் பத்திரிகை எழுதவில்லை. காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்களின் சந்ததியாகிய நமக்கு, இது புரியாத விஷயமன்று.

அதுவரை ஒட்டறுவை என்றால் பெரும்பாலும் இழந்ததை மீட்பது. 1896இல் பெர்லின் நகரில் இந்தக் கதை ஒரு திருப்பம் கண்டது. காது விடைத்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன், மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததனால் பள்ளிக்கூடத்துக்கே போக மறுத்தான். யாக்கப் யோசப் என்ற இளம் மருத்துவர் அவன் காதை அறுவை செய்து ஒடுக்கினார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனாலும் அவருடைய வேலை போயிற்று. நோயில்லாத உடம்பில் கத்தி வைக்கலாமா என்பது மேலதிகாரிகளின் கேள்வி. 'அவமானத்தால் மனிதன் நலிந்துபோகிறானே, அதுவும் ஒரு நோயன்றோ?' என்பது யோசப்பின் வாதம். 1898இல் பெரிய மூக்கினால் மனம் நொந்திருந்த ஒருவருக்கு மூக்கைச் சிறிதாக்கினார். பின்னாளில் மூக்கறுவையில் உலகப் புகழ் பெற்றார்.

இந்த வாதத்துக்கு இன்றுவரை முடிவில்லை. சிறுவனின் காதைத் திருத்துவதா, கேலி செய்த பிள்ளைகளைத் திருத்துவதா?

முதல் உலகப் போர் இந்தக் கலையைப் பெரிதாக வளர்த்தது. 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னும் ஊரில், முகம் சிதைந்த போர்வீரர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். நியூசிலாந்தில் பிறந்த ஹெரல்ட் கில்லீஸ் என்ற மருத்துவர் அங்கே தலைமை வகித்தார். 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. முகத்தைக் கண்டு வீரர்கள் மனமொடிந்து போவார்கள் என்று வார்டுகளில் கண்ணாடி வைக்கவில்லை. ஊர்ச் சாலையோரத்தில் சில பெஞ்சுகளுக்கு நீல வர்ணம் பூசியிருந்தார்கள். 'முகம் சிதைந்தவர்கள் இங்கே உட்காருவார்கள், பார்க்க அஞ்சுகிறவர்கள் விலகிச் செல்லலாம்' என்பது அதன் பொருள்.

இரண்டாம் உலகப் போரில் விமானம் தீப்பற்றி முகமும் கையும் வெந்த வீரர்கள், கிழக்கு கிரின்ஸ்டெட் என்ற ஊருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே மருத்துவர் மெக்கிண்டோ வேறுவழி கண்டார். தோலை ஒட்டினால் மட்டும் போதாது, மனிதனை ஊரோடு ஒட்ட வேண்டும் என்று கருதினார். ஊர் மக்களிடம் பேசினார். வீரர்களை வீட்டுக்கு அழையுங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊராரும் அப்படியே செய்தார்கள். 'முறைத்துப் பார்க்காத ஊர்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்த வீரர்கள் 1941இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். தங்கள்மீதுதானே புதுப்புது அறுவைகளைச் செய்து பார்க்கிறார்கள் என்று, சோதனைச் சாலையில் வளர்க்கும் எலியினப் பிராணியின் பெயரையே வேடிக்கையாகச் சங்கத்துக்கு வைத்தார்கள். நீல பெஞ்சு போட்ட ஊர் ஒன்று, முறைத்துப் பார்க்காத ஊர் ஒன்று. எந்த ஊரில் புண் விரைவில் ஆறியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி மூப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் முன்னோர் முதுமையை எப்படிப் பார்த்தார்கள்? ஔவையாரின் கதை நமக்குத் தெரியும். இளம் பெண்ணாக இருந்தவர், திருமணத்தை வேண்டாமல், தமிழும் தொண்டுமே போதும் என்று, விநாயகரை வேண்டி நரைத்த கிழவியாக மாறினார் என்பது வழிவழி வந்த கதை. 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்தப் பாட்டியாக நடித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. காரைக்கால் அம்மையாரோ தம் அழகிய உடலே வேண்டாம் என்று இறைவனிடம் பேயுருவைக் கேட்டு வாங்கியவர். இளமையின் மீது ஆசையே இல்லாத சமுதாயமா நம்முடையது? அதுவும் இல்லை. யயாதி மன்னன் தன் மூப்பை மகனுக்குக் கொடுத்து, மகனின் இளமையை வாங்கிக்கொண்டான் என்று பாரதக் கதை கூறுகிறது. ஆசை எக்காலத்திலும் உண்டு. ஆயினும் நரைத்த தலைக்குத் திண்ணையில் முதலிடம் இருந்தது.

அந்த இடம் ஏன் போயிற்று? பாரிஸ் நகரில் சுஸான் நோயேல் என்ற பெண் மருத்துவர் இருந்தார். முகச் சுருக்கத்தை நீக்கும் அறுவையில் தேர்ந்தவர். 1926இல் அவர் எழுதிய நூலில், அழகறுவைக்குச் சமுதாயத்தில் உள்ள பங்கை எடுத்துச் சொன்னார். வயது தெரிந்தால் பெண்களுக்கு வேலை கிடைப்பதில்லை, சோறு போடுகிற வேலைக்காகத்தான் பலர் தம்மிடம் வருகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே இதையெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதனைக் கூலிக்கு எடுக்கிற உலகம் வயதான முகத்தைத் தள்ளத் தொடங்கியபோது, மனிதனும் முகத்தை மாற்றத் தொடங்கினான். நரையை மறைக்கச் சாயம் பூசுகிறவர்களைக் கேலி செய்யுமுன் இதையும் நினைக்க வேண்டும்.

இந்த ஆசையை நம்பி வந்த பொருள்கள் பல. 1899இல் வியன்னாவில் ஒரு மருத்துவர் பாரபின் என்ற மெழுகை ஊசியால் ஏற்றித் தோற்றத்தைச் சீராக்கலாம் என்று கண்டார். சில ஆண்டுகள் அது பெரிய நாகரிகமாக இருந்தது. பிறகு மெழுகு இடம்விட்டு நகர்ந்தது, கட்டி கட்டியாகத் திரண்டது. அழகைத் தேடிப் போனவர்கள் விகாரத்தோடு வீடு திரும்பினார்கள். 1962இல் அமெரிக்காவில் சிலிக்கோன் பைகளை உடம்பில் வைத்துத் தைக்கும் அறுவை தொடங்கியது. 1992இல் அந்நாட்டு அரசு பெரும்பாலும் அதை நிறுத்தி வைத்து, ஆராய்ந்து, 2006இல் மீண்டும் அனுமதித்தது. கெட்டுப்போன உணவில் உண்டாகும் கொடிய நஞ்சு ஒன்றை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டு முகச் சுருக்கத்தைத் தளர்த்தும் போடோக்ஸ் முறைக்கு, 2002இல் அங்கே அனுமதி கிடைத்தது. அது தசையைச் செயலிழக்கச் செய்கிறது. மூன்று நான்கு மாதங்களில் பலன் போய்விடும், மறுபடியும் ஊசி, மறுபடியும் பணம்.

அறுவைக்கும் ஊசிக்கும் பணமில்லாதவர்கள் வீட்டுக்குள் எளிதாக நுழைவது முகப்பூச்சு. கறுப்பு குறை என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுத்தது யார்? 'பொண்ணு கறுப்பு' என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள், நாமும் சொன்னோம். அந்தச் சொல்லை வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற கிரீம் ஒன்று, சிவப்பைக் குறிக்கும் சொல்லை 2020இல்தான் தன் பெயரிலிருந்து நீக்கிக்கொண்டது.

இதைவிடக் கவலை தருபவை பெயரும் ஊரும் இல்லாத கிரீம்கள். இரவுச் சந்தையிலும் கைத்தொலைபேசி வழியாகவும் விற்கப்படும் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. ஆங்கில அதிகாரியின் மூக்கைத் தின்ற அதே பாதரசம்தான். தோலுக்கு நிறம் தரும் பொருள் உண்டாகாமல் அது தடுக்கிறது. ஆகவே முதலில் முகம் வெளுக்கத்தான் செய்யும். பிறகு தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். தாயின் வயிற்றிலுள்ள குழந்தைக்கும், தாயை ஒட்டிப் படுக்கும் குழந்தைக்கும்கூட ஆபத்து. மலேசியாவில் முறைப்படி விற்கப்படும் அழகுப் பொருள்களுக்கு 'நோட்' என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு. அது இல்லாததை வாங்காதீர்கள். எண் இருந்தாலும், ஒரு வாரத்தில் வெளுக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். அழகு நிலையத்திலோ வீட்டு அறையிலோ ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது. உரிய சான்று பெற்ற மருத்துவர், பதிவு பெற்ற கிளினிக்கில் செய்ய வேண்டிய காரியம் அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வெட்கப்பட்டோ விதி என்றோ அறுவையை வேண்டாமென்று ஒதுக்குவதும் தவறு. உதடு பிளந்து பிறக்கும் குழந்தையைப் பார்த்து, 'கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள்' என்று பழி போடுகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்தத் தாய் ஒரு குற்றமும் செய்யவில்லை. கருவில் முகத்தின் பகுதிகள் ஒன்றுசேரும் நேரத்தில் ஏற்படும் குறைதான் அது. உதட்டைப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தை ஒரு வயதை ஒட்டியும் அறுவையால் சீராக்குகிறார்கள். காலம் தாழ்த்தினால் பேச்சு கெடும். குழந்தையை முந்தானையால் மூடி மறைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தீக்காயத்தால் தோல் இறுகிக் கழுத்தும் கையும் மடங்கிப் போனவர்களுக்கும் இதே கலை கைகொடுக்கிறது. பூனாவில் செங்கல் தொழிலாளி காவஸ்ஜிக்குச் செய்த உதவியின் தொடர்ச்சி இது.

நேயர்களே, உங்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளை கண்ணாடி முன் நின்று, 'என் மூக்கு சரியில்லை, என் நிறம் சரியில்லை' என்று சொன்னால், உடனே அதட்டாதீர்கள். யார் அப்படிச் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் வெளியில் ஒருவர் சொல்லியிருப்பார். சில வேளை அந்த ஒருவர் நாமாகவே இருப்போம். பாட்டியின் பழைய படம் ஒன்று பெட்டியில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். இந்த நீண்ட காதுதான் ஒரு காலத்தில் ஊரே மெச்சிய அழகு, இதைத்தான் பிறகு ஊரே கேலி செய்தது, இரண்டு காலத்திலும் பாட்டி ஒரே பாட்டிதான் என்று சொல்லுங்கள்.

தேவையான அறுவைக்கு அஞ்ச வேண்டாம். தேவையில்லாத ஆசைக்கு உடம்பைப் பணயம் வைக்கவும் வேண்டாம். பிறரை முறைத்துப் பார்க்காத ஊராக நம் ஊரை ஆக்கிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அதற்கு மருத்துவர் தேவையில்லை, பணமும் தேவையில்லை.